இல்மோவின் சிவப்பு ஜன்னல்

என் மகன் இல்மோவைப் பற்றி எங்கள் ஊர் ஓவுலுவில் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். மனைவியைப் பிரிந்தபின் அவன் இருப்பது என் வீட்டில். எல்லாம் என் கண்முன்னால் நடந்தது. கேட்டுவிட்டு, அப்புறம் யாரும் அவனைக் கவனமில்லாதவன் என்று என் காதுபடச் சொல்ல வேண்டாம்.

அவனுக்கு வேலை இணையதளம் கட்டுவது. பேச்சுக்காரன் இல்லை. காலையில் காபியோடு சமையலறை மேசையில் கணினியைத் திறந்தால், மதியம் நான் உருளைக்கிழங்கை வடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டான். ஊர் நீச்சல்குளத்தின் தளம் அவன் கட்டியதுதான். அதன் நகல் ஒன்றைத் தன் கணினிக்குள் வைத்திருந்தான். எதைச் செய்தாலும் முதலில் அந்த நகலில் செய்வான். பொய்ப் பெயர்களைப் போட்டு நிரப்புவான், உடைப்பான், மொத்தமாகத் துடைத்துவிட்டு மறுபடி நிரப்புவான். சரியாக வந்த பிறகுதான் வெளியே ஓடுகிற உண்மைத் தளத்தில் கை வைப்பான்.

அந்தக் கணினியில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டிருந்தான். வெளியே தளம் ஓடும் கணினியிலும் அதுதானாம். இங்கே ஓடினால் அங்கேயும் ஓடும் என்பான். அவன் திரையில் ஓடும் எழுத்து எனக்குப் படிக்க வராது, நிறம் தெரியுமே. திரையில் நகல் இருக்கும் ஜன்னல் கறுப்பு. உண்மைத் தளத்துக்குப் போகும் ஜன்னல் முழுக்கச் சிவப்பு. அவனே அப்படி அமைத்துக்கொண்டது. திரையில் சிவப்பு வந்துவிட்டால் நான் பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைப்பேன்.

அவன் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குப் புதுத் தலைவியாக ஹென்ரீகா வந்தாள். ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு அமைப்பு என்று இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் வேலையைத் தொடங்கவே ஒரு வாரம் போகிறதாம். அது பொய்யில்லை. இனி எதை வைத்துக்கொள்ளலாம் என்று திரையிலேயே கூட்டம் போட்டாள். நான் அடுப்பருகே நின்றிருந்தேன்.

“இல்மோ, நீங்கதான் மூத்தவர். உங்களுக்கு எது வேணும்?”

“லினக்ஸே இருக்கட்டும்.”

“ஏன்?”

“வெளியயும் அதுதான்.”

அவ்வளவுதான் சொன்னான். ஆர்ட்டு என்கிற இளையவன் சிரித்தான். “அண்ணே, உங்க கணினியத் திறந்தா விமானம் ஓட்டுற இடம் மாதிரி இருக்கு. அத நாங்க கத்துக்கிறதுக்குள்ள நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க.”

“அப்ப எல்லாருக்கும் ஒரே மடிக்கணினி, ஒரே அமைப்பு,” என்றாள் ஹென்ரீகா. “லினக்ஸ் அதுக்குள்ளயே ஓடும். நிறம், எழுத்து, எதையும் யாரும் மாத்தக்கூடாது. மறுப்பு இருக்கா?”

ஒரு சத்தமும் இல்லை. எங்கள் பக்கத்தில் கூட்டத்தில் யாரும் பேசாவிட்டால் சம்மதம் என்று முடித்துவிடுவார்கள். பேசாமல் இருக்கிறவனோ, தன் மறுப்பை எல்லோரும் புரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்வான்.

“வாயில என்னடா, சூடான உருளைக்கிழங்கா?” என்று கூட்டம் முடிந்ததும் கேட்டேன்.

“எனக்குப் பிடிக்கலன்னு அவங்களுக்குத் தெரியும்மா.”

“எப்படித் தெரியும்?”

“கேமராவ அணைச்சிட்டேனே.”

புது மடிக்கணினி வந்தது. எல்லா ஜன்னலும் ஒரே சாம்பல் நிறம். குழந்தைகளின் நீச்சல் வகுப்புக்குப் பதிவு திறந்த காலையில், பதிவு ஒழுங்காக நடக்கிறதா என்று உண்மைத் தளத்தை ஒரு ஜன்னலில் திறந்து வைத்திருந்தான். பக்கத்து ஜன்னலில் நகலை வைத்து வேறொரு வேலை. நகலைத் துடைக்கும் கட்டளையைத் தட்டினான். காபி ஊற்றினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என்னாச்சுப்பா?”

“தொடச்சது நகல இல்லம்மா, வெளிய ஓடுறத.”

முந்தின இரவு எடுத்துவைத்த பிரதியிலிருந்து தளத்தை மீட்டான். அன்று காலை பதிந்த பிள்ளைகளின் பெயர்கள் போனது போனதுதான். மறுபடி பதிவு திறந்தபோது, முதலில் இடம் கிடைத்த பலருக்குக் கிடைக்கவில்லை. ஊரே ஏசியது.

ஹென்ரீகா திரையில் அழைத்தாள். “நீங்க ஏன் பாக்கல, இல்மோ?”

“எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு.”

“மறுப்பு இருக்கான்னு கேட்டேனே. நீங்க ஒண்ணும் சொல்லலையே.”

பதில் சொல்ல நான் வாயெடுத்தேன். கையைக் காட்டி என்னை அடக்கிவிட்டான்.

நீச்சல்குளத்துக்காரர்கள் வேறு ஆளைக் கேட்டார்கள். நீங்களே விலகிக்கொண்டால் மரியாதையாக இருக்கும் என்றது அலுவலகம். விலகினான்.

இங்கே வேலையை விட்டுப் போகிறவன்தான் கடைசி நாளில் எல்லோருக்கும் காபியும் கேக்கும் வைக்க வேண்டும்.

“ப்ளூபெர்ரி கேக் ஒண்ணு செஞ்சு தர்றியாம்மா?”

“உன்னத் தள்ளிவிட்டவங்களுக்கு நான் மாவு பிசைய மாட்டேன்.”

“வழக்கம்மா.”

“வழக்கமாவது. கடையில வாங்கிக்க.”

வாங்கிக்கொண்டு போனான். இத்தனை வருட உழைப்பு என்று ஹென்ரீகா பாராட்டிப் பேசினாளாம். ஆர்ட்டு இரண்டு துண்டு தின்றானாம்.

“நீ என்ன பேசின?”

“நன்றின்னு சொன்னேன்.”

“வேற?”

“வேற என்னம்மா சொல்றது?”

திரும்பக் கொண்டுவந்த மிச்சக் கேக்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தான். நான் அதை எடுத்து, அவன் முன்னாலேயே குப்பையில் கொட்டினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.