முதல் நம்பர் அண்ணனுக்கு

கூத்தாநல்லூரில் ஒரு அரிசி மண்டிக்கு இன்டர்நெட் போன் மாட்டுவதற்காகத் தஞ்சாவூரிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடோன். வயர் இல்லாத போன்கள் நான்கு. எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சுவரில் ஒரு பெட்டி. பெட்டியின் பொத்தானை விளக்கு மினுக்கும்வரை அழுத்திப் பிடித்து, போனில் நான்கு சைபர் போட்டால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். இதற்குப் புத்திசாலித்தனம் எதுவும் வேண்டாம். பொறுமை வேண்டும், அது என்னிடம் கிடையாது.

மண்டி மூன்று சகோதரர்களுடையது. இளையவர்கள் இருவரும் கடையில். மூத்தவர் பல வருடமாகச் சவுதியில் ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலை. அவருடைய சம்பாத்தியத்தில் எழுந்த மண்டி அது.

ஒவ்வொரு போனுக்கும் ஒரு உள் நம்பர் உண்டு. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த போனுக்கு முதல் நம்பரான 101 கொடுக்கப் போனேன். இரண்டாமவர் தடுத்தார்.

"நூத்தியொண்ணு அண்ணனுக்குங்க."

"அவங்க சவுதில இருக்காங்களே?"

"எங்க இருந்தா என்ன, அண்ணன்தானே?"

மூத்தவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. யாரும் அதில் உட்காருவதில்லை. அதன் முன்னால் 101 வைக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் அதற்குத்தான் போக வேண்டும் என்பதும் உத்தரவு. இருபது நொடி அது அடிக்கும். தம்பிகள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், தொடமாட்டார்கள். பிறகுதான் கடை போன் அடிக்கும். அதற்குள் கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் வைத்துவிடுவார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். அந்த நம்பரை அண்ணனுடைய செல்போனிலேயே போட்டுவிட்டால் அங்கிருந்தே எடுப்பாரே என்றேன். வாட்ஸ்அப்பில் அவரைக் கூப்பிட்டு எங்கெங்கே அமுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. "இனிமே நானும் கடையிலதான் இருக்கேன்" என்று அவர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.

அப்புறம் ஒரு அழைப்பு விடாமல் எடுத்தார். காவலறையில் வேறு வேலை அதிகமில்லை போலிருக்கிறது. கடைசியாக லீவில் வந்தபோது குடோனில் என்ன இருந்ததோ, அதெல்லாம் இன்னும் இருப்பதாக நினைத்து வியாபாரம் பேசினார். குடவாசலில் ஒரு கல்யாணத்துக்குப் பழைய பொன்னிப் பச்சரிசி முப்பது மூட்டை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மண்டியில் பச்சரிசியை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அடுக்கியிருப்பது எல்லாம் புழுங்கல். கல்யாணத்துக்கு முதல் நாள் கல்யாண வீட்டு வேன் வாசலில் வந்து நின்றபோதுதான் தம்பிகளுக்கே விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு மண்டியாக அலைந்து பச்சரிசி திரட்டிக் கொடுத்தார்கள்.

மறுநாள் இரண்டாமவர் எனக்குப் போன் செய்தார்.

"அண்ணனுக்கு மணி அடிக்காம பண்ணிடுங்க தம்பி. அவருக்குத் தெரியக் கூடாது."

"நீங்களே அவங்ககிட்ட சொல்லிடலாமே?"

"அண்ணன்கிட்ட நான் எப்படிங்க சொல்றது?" என்றார். கேட்டதற்கு என் மேல் கோபம் வேறு.

தஞ்சாவூரில் உட்கார்ந்தபடியே, டீ ஆறுவதற்குள், அழைப்பெல்லாம் நேராகக் கடைக்குப் போகும்படி மாற்றினேன். இருபத்தைந்து கிளிக் கூட ஆகவில்லை.

நான்காம் நாள் மூத்தவர் என் செல்லுக்கே கூப்பிட்டார்.

"தம்பி, போன் ரிப்பேருங்களா? நாலு நாளா மணியே அடிக்கல."

"லைன்ல ஏதோ கோளாறுங்க. பாத்துட்டிருக்கோம்."

இந்தப் பொய் எனக்குச் சரளமாக வரும், தொழில் அப்படி. அன்றைக்குத் தடுமாறியது. அந்தப் பக்கம் கேட்டுக்கு வெளியே ஏதோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"என் தம்பிங்க நிறுத்தச் சொன்னாங்களா?"

லைனைச் சோதிப்பதுபோலக் கீபோர்டைத் தட்டினேன். வெட்கமாக இருந்தது.

"சரி, பரவால்ல" என்றார். "அவங்க கேட்டா, ரிப்பேர்னு நான் நம்பிட்டதா சொல்லிடுங்க."