அண்ணாச்சியின் நார்த்தை மரமும் என் ஸ்கூட்டரும்

சென்ற ஞாயிறு காலை புனேயின் வாகட் பகுதியிலிருந்து அண்ணாச்சியின் மகள் மீனா தொலைபேசியில் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டாங்க" என்றாள். தன் தமிழ் போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அதையே இந்தியிலும் ஒருமுறை சொன்னாள். இரண்டும் புரிந்தன.

புனேயை ஒட்டிய நிக்டியில் எங்கள் குடியிருப்பில் இருந்தவர்களுக்கும், போசரி தொழிற்சாலைப் பேருந்தில் எங்களோடு வந்தவர்களுக்கும் சங்கரலிங்கம் என்றால் சட்டென்று விளங்காது. அண்ணாச்சி என்றால் விளங்கும். தென்காசிக்காரர். தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல் ரூமில் அளவு சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர். மராத்தி நண்பர்கள் அண்ணாச்சி என்பதுதான் அவர் பெயர் என்று நம்பி, கல்யாணப் பத்திரிகைகளில் 'ஸ்ரீ அண்ணாச்சி' என்றே எழுதினார்கள். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மீனா வயிற்றில் இருந்தபோது, அவர் மனைவி செல்லத்துக்கு உப்பு நார்த்தங்காய் மேல் ஆசை வந்தது. புனேயில் எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. நார்த்தங்காய்க்கு அண்ணாச்சி சந்தை சந்தையாக அலைந்தும் பலனில்லை. கடைசியில் மைத்துனர் ஊரிலிருந்து ரயிலில் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். வழியிலேயே பழுத்துவிட்ட ஒன்றின் விதைகளைக் கழுவி, காயவிடாமல் அன்றே ஒரு பெயிண்ட் டப்பாவில் ஊன்றினார் அண்ணாச்சி.

"விதையிலேர்ந்து வந்தா காய்க்க எட்டு வருஷம், பத்து வருஷம் ஆகுமே" என்றேன்.

"நாம எங்க சார் போகப்போறோம்?" என்றார்.

முளைத்ததில் ஒன்றுதான் தேறியது. அதைக் கட்டடத்தின் பக்கவாட்டு மண்ணில் நட்டார். மாதம் ஒருமுறை வெர்னியர் அளவுகோல் வைத்துத் தண்டின் தடிமனை அளப்பார். "இந்த மாசம் அரை மில்லிமீட்டர்" என்று பேருந்தில் அறிவிப்பார். குழந்தை எழுந்து நடந்த செய்தியைப் போல எல்லோரும் கை குலுக்குவோம்.

மழைக்காலத்தில் இலைகளைப் புழுக்கள் தின்றன. அண்ணாச்சிக்கு அவற்றைக் கொல்ல மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் விட்டுக்கொண்டிருந்தார். செடி மொட்டையான பிறகுதான் என் மனைவி கண்டுபிடித்தாள்.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணினீங்க?"

"உங்க வீட்டுக்கு வந்தவங்க யாராவது சாப்பிடாமப் போயிருக்காங்களாம்மா?" என்றார். அவள் கோபத்தை மறந்து காப்பி போடப் போனாள்.

மரத்துக்கு எட்டு வயதானபோதும் பூ ஒன்றுகூடக் காணவில்லை. நான் அப்போது குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி. ஸ்கூட்டர் நிறுத்தத் தகரக் கொட்டகை போட வேண்டியிருந்தது. மரம் குறுக்கே நின்றது. வெட்டிவிடலாம் என்று நானே தீர்மானம் எழுதினேன். அண்ணாச்சியிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் என்னால் எழுத முடியாது என்று தெரியும்.

கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல் வாசித்தேன். கூட்ட அறிவிப்பிலேயே விஷயத்தைப் பார்த்திருப்பார் போல; நான் வாசித்து முடித்ததும் அண்ணாச்சி எழுந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கொட்டகையின் வரைபடம், டூல் ரூம் துல்லியத்தில். கூரையில் ஒரு வட்டத் துளை. துளை வழியே மரம். "ஜாட் ராஹீல், ஷெட் பண் ராஹீல்" என்றார், தன் தென்காசி மராத்தியில். மரமும் இருக்கும், கொட்டகையும் இருக்கும். தரைத்தளத்து மராத்தி அம்மாள்தான் முதலில் கை தூக்கினார். கடைசியாக நானும் தூக்கினேன்.

துளைக்கு நேர் கீழே யாரும் வண்டி நிறுத்த ஒப்பவில்லை. அந்த இடம் செக்ரட்டரிக்கு வந்தது. இரண்டு மழைக்காலம் என் ஸ்கூட்டர் இருக்கை காயவே இல்லை.

மூன்றாம் வருஷம் மரம் பூத்தது. கொட்டகைக்குள் நுழைந்தாலே மணம். முதல் காயைப் பறித்து அண்ணாச்சி நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"செல்லத்துக்கல்லவா கொடுக்கணும்?"

"அவதான் கொடுத்தனுப்பினா. நீங்க மிரட்டினதுலதான் மரம் பயந்து காய்ச்சிருக்குன்னு சொல்றா."

நான் சிரித்தேன். சிரிப்போடு, மூன்று வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த ஒரு மன்னிப்பும் அன்று வெளியே வந்தது. "அட, விடுங்க சார்" என்று அவர் அரிவாள்மணையை எடுத்துவரச் சொன்னார். அவரோடு வந்திருந்த மீனா ஒரு துண்டை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, தண்ணீர் கேட்டு ஓடினாள். வயிற்றில் இருந்தபோது எவளுக்காக அந்த விதை ஊன்றப்பட்டதோ அவளுக்கே அது பிடிக்கவில்லை. அண்ணாச்சி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

அந்த வருஷச் சங்கத் தேர்தலில் என் பெயரை மறுபடியும் முன்மொழிந்தவர் அவர்தான். எனக்கு விளங்கவில்லை. படியில் நிறுத்திக் கேட்டேன்.

"எதிர்த்துப் பேசினா காதுகொடுத்துக் கேக்கற ஆளு சார் நீங்க. அப்படி இன்னொருத்தர எங்க தேடுறது?"

உண்மையில் நான் அப்படிப்பட்டவன் அல்ல. அந்தக் கூட்டத்தில் வேறு வழியில்லாமல்தான் கேட்டேன். அதை அவரிடம் சொல்லத் துணியவில்லை. ஆனால் அன்றிலிருந்து, யாராவது எதிர்த்துப் பேச வாயெடுத்தால், கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். அண்ணாச்சி என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பொய்யாக்காமல் இருப்பதுதான் இனி என் வேலை.