அம்மன் எனக்கு மட்டும் மறுத்தது

2003ஆம் ஆண்டு ஆடி மாதம், என் அண்ணன் சேகரின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன என்று வேலூர் மருத்துவர்கள் சொன்னார்கள். ஆரணியில் பட்டு நெய்துகொண்டிருந்தவன். கால் வீங்கி, தறியின் மிதியை அழுத்தக்கூட முடியவில்லை. ஒவ்வொரு டயாலிசிஸுக்குப் பிறகும் இன்னும் சற்றுக் கறுத்துப்போய் வீடு திரும்பினான். அண்ணியின் இரத்தவகை சேரவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை நோய். எனக்குப் பொருந்தியது.

நான் அப்போது செவிலியர் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவி. வகுப்பில் உறுப்பு தானத்தை எங்களில் ஒருவர்கூட எதிர்த்ததில்லை. நான் கொடுக்கப்போகிறேன் என்றதும் விடுதியின் பேச்சே மாறிவிட்டது.

“பைத்தியமாடி உனக்கு?” என்றாள் என் அறைத்தோழி வசந்தி. “நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க தழும்பு இன்னான்னு கேட்டா இன்னா சொல்லுவே?”

“பரீட்சையில மட்டும் தானம் நல்லதுன்னு எழுதினியே?”

“அது பேஷண்டுக்குடி. நீ எனக்குப் பேஷண்டா?”

அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அறுவைசிகிச்சையை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அச்சம் கூடுதல். ஆனால் நோயாளிகளின் உறவினரிடம் நாளை இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்களும் நாங்கள்தானே? அந்த எண்ணம் என்னை வாட்டியது.

வீட்டார் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளை அரளி வந்தால் நான் கொடுக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது. வெற்றிலையில் மடித்த இரண்டு பொட்டலங்களைப் பூசாரி சந்நிதியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

அங்கேயே சரிந்து உட்கார்ந்தேன். அம்மன் வாக்கை மீறும் துணிவு எனக்கில்லை. அதற்குக் கட்டுப்பட்டு அண்ணனை இழக்கவும் முடியாது. “தாயே, உன் சொல்லும் நிற்கணும், அவனும் பிழைக்கணும். வழி காட்டு” என்று அழுதேன். வேறு வேண்டுதல் எனக்கு வரவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மெல்ல வாய் திறந்தாள். “இவளைத்தானே அம்மன் வேணாம்னு சொன்னா? என் பேர்ல நீங்க கேக்கவே இல்லியே.”

அப்பா திகைத்தார். “ஊசியப் பாத்தாலே மயக்கம் போட்டு விழறவ நீ! அதனாலதான் உன்னை யாருமே கேக்கல.”

“அங்க எப்டியும் மயக்கம் குடுத்துத்தானே அறுக்கறாங்க? கட்டுங்க பூவ.”

வெள்ளை வந்தது. பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தபோது அப்பா சொன்னபடியே அம்மா மயங்கி விழுந்தாள். எழுந்து மறுகையை நீட்டினாள். பொருந்தியது. உறுப்பு மாற்றத்துக்கு அனுமதி வழங்கும் குழுவினர், யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்கள். “பெத்தவளை யாருங்க கட்டாயப்படுத்தணும்?” என்றாள்.

அண்ணன் பிழைத்தான். ஆனாலும் வாழ்நாள் முழுதும் மாத்திரை. இரத்தப் பரிசோதனை முடிவு வரும் நாளெல்லாம் எங்கள் வீட்டில் அடுப்பு தாமதமாகவே எரிகிறது. மாற்றிய சிறுநீரகம் எத்தனை காலம் உழைக்கும் என்று எவரும் உறுதி சொல்வதில்லை. அந்த அச்சத்தோடுதான் நன்றியும் சொல்கிறேன்.

இன்று நான் செவிலிய மாணவிகளுக்குப் பாடம் நடத்துகிறேன். தானம் நல்லதா என்று அவர்களைக் கேட்பதில்லை. உங்கள் அண்ணனுக்கென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறேன். அந்தக் கேள்வியிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

அன்பர்களே, உங்களுக்கும் இப்படியொரு நாள் வரலாம். அம்மனை நம்பிக் கேளுங்கள். மறுப்பு வந்தால் உடனே எழுந்து போய்விடாதீர்கள். அவள் அனுப்பும் உதவி, யாரும் கேட்காததால் வாய் திறவாமல், உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம்.