கிளாம்ப்

சைக்கிள் சக்கரத்தின் நாற்பது கம்பிகளையும் செங்கொடியின் கைகள் சொருகி முடித்திருந்தன. இப்போது இரண்டு விரல்கள் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே போயின. இருபத்தேழாவது கம்பியில் நின்றன. மறுபடி முதல் கம்பிக்கே திரும்பின. வழக்கமாக ஒரு சுற்றுப் போதும். இது நான்காவது சுற்று.

செங்கொடிக்கு நாற்பத்தெட்டு வயது. பெயர், தொழிற்சங்கத்துக்காரரான அப்பா வைத்தது. திருவொற்றியூரில் ஒரு சைக்கிள் கம்பெனியில் பத்தொன்பது வருடம் சக்கரப் பிரிவில் இருந்தாள். பெண்கள் கம்பி சொருகினால் போதும், சக்கரத்தின் கோணலை நிமிர்த்திக் கோட்டம் எடுப்பது ஆண்கள் வேலை என்று அங்கே வைத்திருந்தார்கள். கழித்துப்போட்ட ரிம்களை வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் அதைத் தானே பழகிக்கொண்டாள். கம்பெனி மூடியதும் எர்ணாவூரில் வீட்டு வாசலில் தகரம் இறக்கிக் கடை போட்டாள். எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது அவள் மணிக்கட்டுக்குத் தெரியும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மூன்று நாட்களுக்கு முன்புவரை இருந்தது.

அன்று காலையில் தவ்ஃபீக் வந்தான். துறைமுகத்துக்குப் போக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் புகுந்து டீ விற்பவன். போன மாதம் அவன் மனைவி உஸ்மாவின் அண்ணன் ஃபவாஸ் குவைத்திலிருந்து இரும்பே இல்லாத ஒரு கார்பன் இழை சைக்கிள் கொண்டுவந்து கொடுத்திருந்தான். தெருவே வந்து அதை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தது. டீ கேனுக்குக் கேரியர் மாட்ட அதில் ஓட்டை எதுவும் இல்லை. சீட்டுக்குப் பின்னால் இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களில், சுற்றிப் பிடித்து இறுக்கும் இரும்பு கிளாம்ப் போட்டுக் கேரியரை மாட்டிக் கொடுத்தது செங்கொடிதான்.

"சீட்டாண்ட கிரீச்சுனு சத்தம் வந்துகினே கீதுக்கா. உன் கேரியர் பாட்டு பாடுது" என்றான்.

கிளாம்பைக் கழற்றினாள். உள்ளே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. காசால் குழாயைத் தட்டினாள். மேலே கணீரென்றது. கோட்டின் அருகே செத்த சத்தம். கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். அட்டைப்பெட்டி போலக் குழாய் உள்ளே போனது.

செங்கொடி கையை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை. இருபது நாள். கொதிக்கிற டீயோடு, ஆள் உயரச் சக்கரங்களுக்கு நடுவே, இதன்மேல் இருபது நாள் போயிருக்கிறான்.

"இன்னாக்கா, பேய் புடிச்ச மாதிரி கீற?"

"இது நான் பண்ணது, தவ்ஃபீக்கு. இரும்புக்கு முறுக்குற மாதிரி இத்த முறுக்கிட்டேன். உள்ள நசுங்கிடுச்சு. இன்னிக்கோ நாளைக்கோ புட்டுகினு போயிருக்கும்."

அவனும் ஒருமுறை அழுத்திப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. சாலையில் போகும் லாரிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"என் பொண்ண பின்னாடி குந்த வச்சினு ஸ்கூலுக்குப் போனேன்க்கா, நேத்து" என்றான்.

 செங்கொடி வாசல்படியில் உட்கார்ந்தாள்.

தவ்ஃபீக்கின் ஃபோனில் குவைத்திலிருந்து ஃபவாஸ் வீடியோவில் வந்தான். "அத்த தூக்கிக் கடாசுங்க மச்சான். அதுக்கும் மேல ஒண்ணு வந்துகீது, இன்னும் வெயிட்டு கம்மி. அனுப்பி வைக்கிறேன்."

"வேணாம் மச்சான். டீ கேனுக்கு அதெல்லாம் எதுக்கு? அக்கா முறுக்குனா தாங்குற வண்டி போதும்."

செங்கொடி தலையை ஆட்டினாள். "வேற யார்கிட்டயாவது குடு. என் கைமேல எனக்கே நம்பிக்கை இல்ல."

"நல்லாருக்கே. இனிமே நீ பயந்து பயந்து முறுக்குவ. அது எனக்குத்தான் நல்லது. நீயே இரும்புல ஒண்ணு கட்டு."

அதனால்தான் இந்த நான்காவது சுற்று. இரும்புச் சட்டம், பின்சக்கரத்துக்கு நாற்பது கம்பி, சட்டத்தின் ஓட்டையிலேயே போல்ட் போட்டு மாட்டிய கேரியர். கிளாம்ப் எங்குமே இல்லை. ஒவ்வொரு நட்டையும் முறுக்கியதும், நசுங்கிய குழாய் விரலடியில் உள்ளே போவது போலவே இருந்தது. கையை உதறிக்கொண்டு திரும்பவும் சுண்டினாள்.

வேலை முடிந்ததும் கேன் நிறையத் தண்ணீர் பிடித்துக் கேரியரில் ஏற்றினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தானே ஏறி எர்ணாவூர் பாலத்தின் மேல் லாரிகளை ஒட்டிப் போய் வந்தாள். பள்ளம் வந்த இடத்தில் ஒதுங்காமல் வேண்டுமென்றே இறக்கினாள். வந்ததும் மண்டியிட்டு எல்லா நட்டையும் தொட்டுப் பார்த்தாள். எதுவும் நகரவில்லை.

தவ்ஃபீக் வாசலில் நின்றிருந்தான். "செக்கிங் ஆயிட்ச்சா? டிரைவருங்க ஃபோன் மேல ஃபோன் போட்டுகினு கீறானுங்க."

அவள் தண்ணீரைக் கொட்டி, கேனைத் துடைத்து மாட்டினாள். அவன் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்து மூச்சு விட்டான்.

"கனமா கீதுக்கா."

"ஆமா" என்று சொல்லி, ஹேண்டில்பாரை அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.