ஐஸ் பெட்டியில் போன செல்கள்: ஓசூர் முதல் பெங்களூரு வரை

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருக்கும்போது, எலிச் செல்கள் வளர்ந்த இரண்டு சிறு வளர்ப்புக் குடுவைகளை, அதாவது பிளாஸ்க்குகளை, தெர்மோகோல் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, மீன் வியாபாரி மாதிரி ஓசூரில் பஸ் ஏறினேன். இது நான்காவது தடவை. புரதத்தைப் படமெடுக்கும் இயந்திரம் எங்கள் கல்லூரியில் இல்லை. பெங்களூரில், அல்சூர் பக்கம் ஓர் ஆய்வகத்தில் இருக்கிறது.

காலை 6.50 பஸ், 40 கிலோமீட்டர். மாநில எல்லையான அத்திபெலேயில் மட்டும் இருபத்தைந்து நிமிடம் நின்றது. இறங்கி ஆட்டோ, 180 ரூபாய். 9.35க்குப் போய்ச் சேர்ந்தேன்.

என் வேலை இதுதான். செல்லுக்குள் புரதம் கட்டும் ரைபோசோம், மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏவின் தலைப்பக்கம் ஏறி, எழுத்துகளைப் படித்துக்கொண்டே வந்து, ‘தொடங்கு’ என்ற குறியைக் கண்டதும் புரதம் கட்ட ஆரம்பிக்கும். நான் ஆராயும் எம்ஆர்என்ஏவில் அப்படி இரண்டு குறிகள். முதலாவதில் தொடங்கினால் நீளப் புரதம். அதைத் தாண்டிவிட்டால் குட்டை. முந்தைய மூன்று பயணத்திலும் குட்டைதான் அதிகம் வந்தது. இந்தச் செல்கள் இயல்பாகவே முதல் குறியைத் தாண்டும் என்று ஓர் அத்தியாயமே எழுதிவிட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு!

அன்று பெட்டியைத் திறந்தவர் அங்கே செல் வளர்ப்பைக் கவனிக்கும் சாந்தி அக்கா, பக்கத்து மர்பி டவுன்காரர். முந்தைய தடவைகளில் அவர் விடுப்பில் இருந்தார்.

“ஐஸ்லயா எத்துகினு வந்தே? குளுர்ல நடுங்கினு வந்தத அப்டியே டெஸ்ட் பண்ணிட்டு, இதான் அதோட இயல்புன்னு எழுதிட்டியாப்பா?”

அதிர்ச்சிக்குள்ளான செல் தொடங்குமிடத்தை மாற்றக்கூடும் என்று ஜூனியர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனால் பாலுக்கும் மீனுக்கும் ஐஸ் போட்டுப் பழகிய கை, உயிருள்ள செல்லுக்கும் போட்டுவிட்டது. ஒரு பிளாஸ்க்கை உடனே சோதிக்கவும், மற்றதை 37 டிகிரியில் ஒரு நாள் விட்டுவைக்கவும் சொன்னார் அக்கா. “பர்வால்ல, அது கம்முனு தூங்கட்டும். நீ போய் சாப்டு.”

அல்சூர் ஏரியோரம் நடந்தேன். தோசை இறங்கவில்லை. லாட்ஜில் தங்கினேன், 900 ரூபாய்.

மறுநாள் மாலை 5.20க்கு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தோம். ஐஸிலிருந்து நேரே வந்ததில் குட்டைப் புரதம். ஓய்வெடுத்ததில் நீளப் புரதத்தின் கோடு, கன்னங்கரேலென்று. அத்தியாயம் போச்சு. வருத்தம்தான், ஆனால் ஆய்வேட்டுத் தேர்வாளர் முன்னால் மாட்டாமல் அக்காவிடம் மாட்டினேனே, அந்த நிம்மதி பெரிது. அன்று இரண்டு தோசை சாப்பிட்டேன்.

செல்களோடு பயணம் போகிறவர்களுக்கு: பிளாஸ்க்கில் செல்லுக்கு உணவான வளர்ப்பு நீரை விளிம்புவரை நிரப்பி, மூடியை இறுக்கி, துணி சுற்றிச் சட்டைக்குள் வையுங்கள். உடம்புச் சூடு போதும். போனதும் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். நான் கொடுக்கவில்லை. மூன்று பயணமாக நான் அளந்துகொண்டிருந்தது என் ஐஸ் பெட்டியைத்தான்.