அம்மா சுருட்டிய சுஷி

என்னுடைய எட்டாவது பிறந்தநாளுக்குச் சுஷிதான் வேண்டும் என்று நான் அடம்பிடித்தபோது எங்கள் வீட்டில் எவருமே சுஷியை வாயில் வைத்துப் பார்த்ததில்லை. நானும்தான். வெள்ளிக்கிழமைகளில் வகுப்புப் பிள்ளைகள் சின்னப் பெட்டியைத் திறந்து, கறுப்பு விளிம்புள்ள அந்த வெள்ளைச் சோற்று வட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான் எனக்கும் சுஷிக்கும் இருந்த தொடர்பு.

அப்போது நாங்கள் புதிதாக வந்த நாட்டில், ஒடாஹுஹு என்ற ஊரில், இரண்டு அறை வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். தம்பி கைக்குழந்தை. அப்பாவின் கிடங்கு வேலைச் சம்பளம் ஒன்றில்தான் நாலு பேரும் ஓடிக்கொண்டிருந்தோம். என் இரண்டு சிநேகிதிகளுக்கும் சேர்த்துக் கடையில் சுஷி வாங்குவது நடக்கிற காரியமே இல்லை. இது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

“பச்சை மீன் தின்னவோ கடல் தாண்டி வந்தனாங்கள்?” என்றார் அப்பா.

“பச்சை மீன் ஆர் போடச் சொன்னது? பேணியில அடைச்சு வாற ரின்மீன் போடலாம்,” என்றார் அம்மா. அத்தோடு முடிவாகிவிட்டது.

ஆசியக் கடையில், சோற்றைச் சுற்றுகிற கறுப்புக் கடற்பாசித் தாள்கள் பத்து உள்ள பொதி ஒன்று வாங்கினார். சுருட்டுவதற்கு மூங்கில் பாய் வாங்கவில்லை. பாண் வந்த பொலித்தீன் பையைப் பிரித்து, மேசை துடைக்கிற சீலையின்மேல் விரித்துக்கொண்டார். சோறு, வழக்கமாக நாங்கள் தின்கிற சம்பா அரிசிச் சோறு. சுருட்டிய உருளை என்னவோ அழகாகத்தான் வந்தது. கத்தி பட்டதும் விரிந்து பலகை முழுக்கச் சோறாகக் கொட்டியது. இரண்டாவதும் அப்படியே. நாலாவது தாளும் கிழிந்தபோது அப்பா கோப்பையோடு வந்து, எல்லாவற்றையும் அள்ளிப் போட்டு மீன்குழம்பு விட்டுப் பிசைந்தார்.

“கறியோட நல்லாத்தான் இருக்கு, இஞ்சாரும்.”

அம்மா சிரிக்கவில்லை. மிச்சமிருந்த ஆறு தாள்களையும் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். இன்னொரு பொதி வாங்க மாட்டார் என்று அவர் கட்டிய விதத்திலேயே தெரிந்தது. பிறந்தநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும், தம்பியைத் தள்ளுவண்டியில் வைத்து, பஸ்ஸில் மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதிக்கு என்னைக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சுஷிக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரு பெண் சுருட்டிக்கொண்டிருந்தாள். கொரியாக்காரி, அம்மாவின் வயதுதான் இருக்கும். அம்மா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். ஒன்றும் வாங்கவில்லை. சும்மா நின்று பார்த்தார். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது கண்டால் என்ன ஆவது என்று எனக்கு உடம்பு கூசியது.

“அம்மா, ப்ளீஸ், லெட்ஸ் கோ.”

“பொறு பிள்ளை. அவ தண்ணியைத் தொட்டுத் தொட்டெல்லோ செய்யிறா.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்து நான் தள்ளுவண்டியைத் திருப்பினேன். அவளோ தன் பலகையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். விரல்களைத் தண்ணீரில் நனைத்துக் காட்டினாள். சோற்றை மெல்லிசாகப் பரப்பி, மேலே இரண்டு விரல் அகலம் வெறுமையாக விட்டு, அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். பிறகு, மெதுவாக, மிக மெதுவாகச் சுருட்டினாள்.

அம்மா கண்ணாடியோரமாகப் போய், “ரைஸ்? வாட் ரைஸ்?” என்றார்.

“ஷோர்ட்! ஷோர்ட் ரைஸ்!” அவள் ஒரு மணியை நகத்தில் வைத்துக் காட்டினாள். குட்டையான, கொழுத்த மணி. பிறகு ஒரு மட்டையை எடுத்து விசிறுவதுபோலச் செய்தாள். சூட்டோடு சுருட்டக் கூடாதாம்.

பிறந்தநாளன்று, சனிக்கிழமை காலை, அம்மா அந்தக் குட்டை அரிசியைக் குழையாமல் ஒட்டுகிற பதத்தில் அவித்து இறக்கினார். வெள்ளை வினாகிரியில் சீனியும் உப்பும் கரைத்து விட்டார். நான் பழைய கலண்டர் மட்டையால் விசிறினேன். ரின்மீன், முட்டைப் பொரியல், வெள்ளரிக்காய், கரட். பெரியவர்களுக்கானதில் பச்சைமிளகாயும் தேசிக்காய்ப் புளியும். முதல் உருளையில் கத்தி இறங்கியபோது நானும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். துண்டு சாய்ந்தது, உடையவில்லை. ஆறு தாளும் ஆறு உருளையாயின. ஒன்றுகூட விரியவில்லை.

என் சிநேகிதிகள் தங்கள் அம்மாக்களுக்கும் கேட்டு வாங்கிப் போனார்கள். “சோத்தை எப்பிடிச் சுத்தினாலும் சோறுதான்,” என்ற அப்பா அதைச் சொன்னது ஏழாவது துண்டை முடித்துவிட்டு. உலகத்திலேயே கெட்டிக்காரி என் அம்மாதான் என்று அன்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தை மாற்ற இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

மறுநாள் அம்மா ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் ஆறு துண்டுகளை அடுக்கினார். எங்கே கொண்டுபோகிறார் என்று தெரிந்ததும் அப்பா வாய்விட்டுச் சிரித்தார்.

“கொல்லன் தெருவில ஊசி விக்கப் போறீரோ?”

“விக்கேல்லை. காட்டப் போறன்.”

கண்ணாடிக்குப் பின்னால் அன்றும் அதே பெண்தான் நின்றாள். டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். பச்சைமிளகாய் பட்டதும் கண் விரிந்தது. உள்ளே திரும்பித் தன் பாஷையில் உரக்க ஏதோ சொன்னாள். ஒரு ஆள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தானும் ஒன்று தின்று, கட்டைவிரலை உயர்த்தினான். அவள் அம்மாவின் பெயரைக் கேட்டாள். எங்கள் பெயர் அவர்கள் வாயில் இலேசில் வராது. மூன்று முறை சொல்லிப் பார்த்து, நாலாவது முறை சரியாகச் சொன்னாள். அம்மாவும் அவள் பெயரைக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா யன்னலைப் பார்த்தபடி இருந்தார். ஆறு துண்டும் போய்விட்டதே என்று கவலைப்படுகிறார் என நினைத்து, “அடுத்த பேர்த்டேக்கு நீங்கள் வழமையாப் பொரிக்கிற ரோல்ஸ் போதும் அம்மா,” என்று ஆறுதல் சொன்னேன். அம்மா சிரித்து என் தலையைத் தன்னோடு அணைத்துக்கொண்டார்.

நாங்கள் வந்து இறங்கிய நாலு வருடத்தில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவரும், ஒரு படிவத்தில் எழுதுவதற்காக அல்லாமல், அம்மாவிடம் பெயர் கேட்டது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அன்று தெரியாது.