அவுட்டாகாமல் நின்றவன்

செல்லச்சாமி என் சின்னம்மா மகன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாக மருந்து கலக்குகிறான். போன வருடம் பக்கத்து அறை வெடித்ததில் இடது காது கேட்காமல் போய்விட்டது. மகள் இசைவாணியின் கடைசி வருட நர்சிங் ஃபீஸ் சேர இன்னும் எட்டு மாதம் ஆகும், அதுவரை தாக்குப்பிடித்துவிட்டு வேலையை விட்டுவிடுவேன் என்பான்.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. ஒரு நாள் மதியம் வேலை முடிந்து வாசலில் போனைத் திரும்ப வாங்கியபோதுதான் டெஸ்ட் மேட்ச்சில் நம் அணி தோற்றது அவனுக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, கையில் ஒட்டியிருந்த அலுமினியப் பொடியைக் கழுவிக்கொண்டே ஒவ்வொருவனாக அலசினான்.

“முதல் அஞ்சு பேரும் வெளியே போற பந்தத் தேடிப் போயித் தொட்டானுக. எட்டாவதா வந்தவன் மூணு மணி நேரம் தாக்குப்பிடிச்சான். அவன்தான் ஆட்டக்காரன்.”

அவன் மனைவி சோலையம்மாள் எங்கள் பெரிய மாமனின் கடைசி மகள். அவனுடைய வலது காதுப் பக்கம் வந்து நின்றாள்.

“தாக்குப்பிடிச்சு என்ன செஞ்சான்? தோத்துட்டுத்தான வந்தான்?”

“அவன் அவுட்டாகலடி. எதிர்ப்பக்கம் நிக்க ஆளில்லாமப் போச்சு.”

“உங்களுக்கு மட்டும் யாரு நிக்கா?” என்றாள்.

முட்டிவலியால் இரண்டு வருடமாக வேலைக்குப் போகாதவள் அவள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்தபோது வாசலில் இரண்டு தூக்குச்சட்டிகள் இருந்தன.

“எனக்குத் திரி வெட்டுற வேலை இருக்காம். ரெண்டு பேரு சம்பளம் வந்தா அஞ்சு மாசம் போதும்.”

வேன் படி உயரமாக இருந்தது. செல்லச்சாமி அவளைக் கைபிடித்து ஏற்றிவிட்டுத் தானும் ஏறினான்.